பழைய டீசல் கெப்: கவனித்தால் முதல், கைவிட்டால் கடன்

எமது வியாபாரிகளில் பெரும்பாலானோர் கடைச் சாமான்களின் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். களஞ்சியத்தில் எத்தனை மூடை அரிசி, எத்தனை பெட்டி சவர்க்காரம் இருக்கிறது என்று கேட்டால் கொப்பியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சாமான்களையெல்லாம் ஏற்றி இறக்கும் கெப் வாகனத்துக்குக் கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அது டிரைவர் தம்பிக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும். டிரைவர் தம்பியிடம் கேட்டால், "முதலாளிதானே சேர்விசுக்கு அனுப்பணும்" என்பார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில்தான் நல்ல நல்ல வாகனங்கள் வீணாகிப் போகின்றன.

2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, வரிகளும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து புதிய கெப் ஒன்றின் விலையைச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. உதிரிப்பாகங்களின் விலையும் அதனுடனேயே ஏறியது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, நிஸான், இசுசு கெப்கள் இன்று வெறும் பழைய இரும்பு அல்ல. பல குடும்பங்களுக்குக் கடைக்கு அடுத்தபடியான பெரிய முதல் அதுதான்.

இந்த முதலைக் காப்பாற்றப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. தண்ணீர், ஒயில், டீசல், டைமிங் பெல்ட் ஆகிய நான்கையும் ஒழுங்காகக் கவனித்தால் போதும். பழைய டீசல் என்ஜின் வயதினால் சாவது குறைவு. இந்த நான்கில் ஒன்று கவனிக்கப்படாமல் போவதால் சாவதே அதிகம். இவற்றில் மூன்றை வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு

வண்டி வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் பணத்தை மட்டுமே நாம் செலவாக எழுதுகிறோம். உண்மையான செலவு அதைவிடப் பெரியது. அன்றைய சாமானைக் கொண்டுபோக இன்னொருவரின் லொறிக்கு வாடகை கொடுக்கவேண்டும். மரக்கறி, மீன், பாண் போன்றவை என்றால் பழுதாகிவிடும். சந்தை நாள் தவறினால் அந்த வாரத்து வியாபாரமே தவறும். இரண்டு முறை சாமான் நேரத்துக்குப் போகாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளிடம் ஓடர் கொடுத்துவிடுவார். போன வாடிக்கையாளரைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வியாபாரிக்குத்தான் தெரியும்.

எரிபொருளையும் கணக்கில் சேருங்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய கெப் கவனிப்பின்றி 8 கிலோமீற்றருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் வீதம் மாதத்தில் 25 நாள் ஓடினால் மொத்தம் 2500 கிலோமீற்றர். முன்பு இதற்கு 250 லீற்றர் டீசல் போதும், இப்போது 312.5 லீற்றர் வேண்டும். மாதம் 62.5 லீற்றர் டீசல் புகையாகப் போகிறது. அதனை இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். அடைத்துப்போன எயார் ஃபில்டர், காற்றுக் குறைந்த டயர், தேய்ந்த நொசில், இறுகிப் பிடிக்கும் பிரேக் என்பன இந்த நட்டத்துக்கான சாதாரணக் காரணங்கள்.

தண்ணீர்: முதலாவது காவல்

டீசல் என்ஜினுக்குச் சூடுதான் முதல் எதிரி. பாரம் ஏற்றிய கெப் ஒன்று கடுகண்ணாவ ஏற்றத்திலோ ஹப்புத்தளைப் பாதையிலோ ஏறும்போது என்ஜின் தன் முழுப் பலத்தையும் கொடுக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீர் குறைந்தால் சில நிமிடங்களிலேயே ஹெட் வளைந்துவிடும் அல்லது வெடித்துவிடும். ஹெட் கஸ்கட் போய்விடும். ஒரு பழைய ரேடியேட்டர் ஹோஸ் வெடித்ததால் முழு என்ஜினையும் இழந்தவர்கள் உண்டு. உங்கள் ஊர்க் கடையில் ஹோஸின் விலையைக் கேளுங்கள். கராஜில் ஹெட் வேலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

தினமும் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் போத்தலை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ரேடியேட்டர் குறைந்திருக்க, போத்தல் நிறைந்திருப்பதும் உண்டு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ரேடியேட்டரில் அழுத்தத்தைக் காப்பது அந்த மூடிதான். அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூடாக இருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்கக்கூடாது. சீறி வரும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மரம்போல் இறுகியிருந்தாலும் சரி, சேறுபோல் இளகியிருந்தாலும் சரி, அவற்றின் காலம் முடிந்துவிட்டது. ஃபேன் பெல்ட்டின் உட்புறத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வோட்டர் பம்பின் அடியில் தண்ணீர் வடிந்த கறை தெரிந்தால் பம்ப் போகப்போகிறது என்று அர்த்தம்.

புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற பகுதிகளின் கிணற்று நீரில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல அது ரேடியேட்டரின் குழாய்களிலும் படியும். அதனால் கூலண்ட் கலந்த நீரையே பாவியுங்கள். கூலண்ட் துருவையும் தடுக்கும். அதனைக் கலப்பதற்கு வடித்த நீர் நல்லது. அது கிடைக்காவிட்டால் சுத்தமாகச் சேகரித்த மழைநீர் கிணற்று நீரைவிட மேல். வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவது அவசரத்துக்கு மட்டும்.

எமது கராஜ்களில் இன்னொரு பழக்கம் உண்டு. வண்டி சூடாகிறது என்றால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பல என்ஜின்களில் அந்தத் தேர்மோஸ்டாட், சூடானவுடன் பக்கவழியை மூடித் தண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும் வேலையையும் செய்கிறது. அதனைக் கழற்றினால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். ஏற்றத்தில் சூடு குறையாமல் கூடும். சாதாரண ஓட்டத்திலோ என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும். தேர்மோஸ்டாட் பழுதென்றால் புதியதைப் போடச் சொல்லுங்கள்.

வழியில் சூட்டு மீற்றர் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, கியரைக் குறைத்து மெதுவாக ஓட்டுங்கள். அப்படியும் ஏறினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் வெளியேறவில்லை என்றால் என்ஜினைச் சற்று நேரம் அப்படியே ஓடவிடலாம். ஃபேன் சூட்டைக் குறைக்கும். தண்ணீர் கொட்டிவிட்டது, ஆவி பறக்கிறது என்றால் உடனே ஓஃப் செய்துவிட்டு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டை வெடிக்கச் செய்யும். அரை மணி நேரம் பிந்துவதற்கு அஞ்சி என்ஜினை இழக்க வேண்டாம்.

ஒயில்: அளவும் நிறமும்

சமதரையில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்ய முன்பு டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில், மேல்குறியை ஒட்டி இருக்கவேண்டும். டீசல் என்ஜினில் புது ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். அது கரி, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பயப்படவேண்டியது மூன்று விடயங்களுக்கு. ஒயில் வேகமாகக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது. ஒயில் பாலும் தேயிலையும் கலந்த நிறத்தில் குழம்பியிருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ ஒயிலில் கலக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பாரம் ஏற்றி ஓடும் பழைய டீசல் கெப்பிற்கு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுவது நல்ல வழக்கம். ஒயிலை மட்டும் மாற்றி ஃபில்டரை "அடுத்த முறை பார்க்கலாம்" என்று விடுவது, குளித்துவிட்டு அழுக்கு உடுப்பையே உடுத்துவது போன்றது. எமது காலநிலைக்கு 15டபிள்யூ-40 தரமான டீசல் என்ஜின் ஒயில் பொருந்தும். வாகனக் கைநூல் வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள். லேபிள் கலையாத, சீல் உடையாத டின்னையே வாங்குங்கள்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். என்ஜினைச் சற்றுச் சூடாக்கி நிறுத்திவிட்டு அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் ஒயில் இறங்கிவிடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் என்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் வழியில் ஒயில் முழுவதும் கொட்டிவிடும். கழற்றிய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். அது கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். கேனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்துக்குக் கொடுங்கள்.

டீசலில் தண்ணீர்

பழைய டீசல் கெப்களில் உள்ள சுழல்வகை டீசல் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு ஒயில். எனவே டீசலில் தண்ணீர் கலந்தாலும் மண்ணெண்ணெய் கலந்தாலும் முதலில் தேய்வது பம்பும் நொசிலும்தான். மண்ணெண்ணெய்க்கு டீசலைப் போன்ற வழுக்கும் தன்மை இல்லை. சில ரூபா மிச்சம் பிடிக்க அதைக் கலப்பவர் பம்ப் வேலைக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கவேண்டி வரும்.

2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்ற நாட்களில் பலர் கேன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்து வைத்தார்கள். அவ்வாறு நாட்கணக்கில் கிடந்த டீசலின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்வது வழக்கம். இன்றும் ஜெனரேட்டருக்கென வைத்த டீசலை வண்டிக்கு ஊற்றுவோர் அடியிலுள்ள பங்கை ஊற்றாமல், மேலுள்ளதைத் துணியில் வடித்து ஊற்றுவது நல்லது.

டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு சிறிய வடிகால் திருகு இருக்கும். ஹைலக்ஸ் போன்றவற்றில் ஃபில்டரின் தலையில் கையால் அமுக்கும் பம்பும் உண்டு. மாதம் ஒருமுறை அடியில் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, திருகைத் தளர்த்தி, மேலே சில தடவைகள் அமுக்குங்கள். போத்தலில் விழுந்ததைச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடி, அமுக்கும் பம்ப் இறுகும்வரை அமுக்கினால் காற்று வெளியேறிவிடும். டாஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிந்தால் மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அன்றே வடியுங்கள். ஃபில்டரை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது எமது நாட்டு டீசலுக்கும் பாதைக்கும் பொருத்தமானது.

ஒரு எச்சரிக்கை. 2000 களில் வரத் தொடங்கிய கொமன் ரெயில் என்ஜின்களின் டீசல் குழாய்களில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் செல்லும். ஊசி முனையளவு ஒழுக்கு போதும், டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். அந்த வகை வண்டிகளில் ஃபில்டருக்கு அப்பால் கை வைக்க வேண்டாம்.

புகை சொல்லும் செய்தி

புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைப் பாதி அறியலாம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். அப்படியும் புகை நிற்காவிட்டால் நொசில்களை டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆகும்போது சற்று வெள்ளைப் புகை வந்து மறைந்தால் ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ பழுதாக இருக்கலாம். சூடான பின்பும் வெள்ளைப் புகை தொடர்ந்து, தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கஸ்கட்டைப் பாருங்கள். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். வால்வ் சீல் அல்லது ரிங் தேய்ந்திருக்கும்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது இலகு. வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீற்றரால் பிளக்கின் தலைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையில் அளந்தால் நல்ல பிளக் ஏறத்தாழ ஒரு ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது எரிந்துவிட்டது. சிலர் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஈதர் ஸ்பிரே அடிக்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது உள்ளே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

2008 இல் புகைப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அதன் சான்றிதழ் தேவை. டீசல் வண்டிக்கு அங்கே அக்ஸலரேட்டரைச் சில தடவைகள் முழுமையாக அமுக்கிப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். ஆகவே ஒயில், எயார் ஃபில்டர், பெல்ட் எல்லாம் சரியான நிலையில், இருபது நிமிடமாவது ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொண்டு போங்கள். பழைய டைமிங் பெல்ட்டோடு போய் அங்கே அக்ஸலரேட்டர் மிதிபட விடுவது ஆபத்தான விளையாட்டு.

டைமிங் பெல்ட்: காலக்கெடு உள்ள கடன்

ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் என்ஜின்களும் எல்200 இன் 4டி56 என்ஜினும் டைமிங் பெல்ட் உள்ளவை. நிஸானின் டிடி27 என்ஜினில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் உள்ளன. உங்கள் என்ஜின் எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வ் திறந்து நிற்கும். இரண்டும் மோதி வால்வ் வளையும். சில வேளை பிஸ்டனும் ஹெட்டும் போகும். பெல்ட் முன்னறிவிப்புத் தராது. சத்தம் போடாது, புகைக்காது. ஒரு நாள் அறுந்துவிடும். 100,000 கிலோமீற்றர் என்பது பொதுவான கெடு. பல டொயோட்டா டீசல்களில் அதற்கென டாஷ்போர்டில் ஒரு விளக்கே உண்டு. ஒயிலோ தண்ணீரோ பெல்ட்டில் ஒழுகினால் அதற்கு முன்பே அது கெட்டுவிடும். 4டி56 இல் பெல்ட் இரண்டு. சிறிய பெல்ட் அறுந்து பெரியதில் சிக்கினாலும் அதே அழிவுதான். மாற்றும்போது இரண்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பழைய கெப் வாங்கியவர் மீற்றரை நம்பியிருக்கக்கூடாது. முன்னைய உரிமையாளர் பெல்ட் மாற்றிய பில்லைக் காட்டாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். வண்டியின் விலை பேசும்போதே இந்தச் செலவையும் கழித்துப் பேசலாம்.

கீழேயும் குனிந்து பாருங்கள்

காத்தான்குடி, கல்முனை, புத்தளம், பேருவளை போன்ற கரையோர ஊர்களில் என்ஜின் நன்றாக இருக்கும்போதே செசி உக்கிப்போவதைக் காணலாம். கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். மீன், கருவாடு, உப்பு ஏற்றுவோர் அன்று மாலையே பெட்டியையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பின் அச்சுக்கு மேலுள்ள செசிப் பகுதியையும் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். "டண்" என்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்துத் துருப் பொருக்கு உதிர்ந்தால் தாமதியாமல் வெல்டிங் செய்பவரிடம் காட்டுங்கள்.

ஷாஃப்ட் ஜொயின்ட், ஸ்பிரிங் பின், முன் சக்கர ஜொயின்ட் ஆகியவற்றில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் மாதம் ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். டயர்களின் காற்றை வண்டி ஓடத் தொடங்குமுன்னரே பாருங்கள். பெற்றரியின் முனைகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சுடுதண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தொன் ஏற்றும் கெப்பில் இரண்டு தொன் ஏற்றினால் ஒரு பயணம் மிச்சம் என்று நினைக்கிறோம். அந்த மிச்சத்தைக் கிளச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் பின்னர் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் சூடேறினால் பிடிக்காது.

எங்கே நிறுத்த வேண்டும்?

தண்ணீர், ஒயில், ஃபில்டர்கள், ஃபேன் பெல்ட், ஹீட்டர் பிளக், கிரீஸ், பெற்றரி, பல்ப், வைப்பர் ஆகியன வீட்டு வேலை. டைமிங் பெல்ட், டீசல் பம்ப், நொசில், ஹெட், பிரேக் குழாய், ஸ்டியரிங் ஆகியன கைதேர்ந்த பாஸின் வேலை. காசு மிச்சம் பிடிக்கப் பிரேக்கில் பழகிப் பார்க்கக்கூடாது. அதில் பிழைத்தால் நட்டம் எமக்கு மட்டுமல்ல, பாதையில் போகும் அப்பாவிகளுக்கும்தான்.

ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழைய வேண்டாம். இரண்டு நல்ல ஸ்டாண்ட்களை வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பின்பே உள்ளே போங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் ஆகாது. பாரத்தில் அவை திடீரென்று நொறுங்கிவிடும்.

உதிரிப்பாகம் வாங்கும்போது

பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரே பாகத்துக்கு மூன்று நான்கு விலை சொல்வார்கள். ஜெனுயின், வேறு கம்பனித் தயாரிப்பு, ரீகண்டிஷன், போலி என்று எல்லாம் அங்கே உண்டு. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கெப்களில் என்ஜின் மாற்றப்பட்டிருப்பது சாதாரணம். 2எல் வண்டியில் 3எல் என்ஜின் இருக்கக்கூடும். என்ஜின் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் விலை கூடியதையே வாங்கவேண்டும் என்பதில்லை. கண்ணாடி, கதவுப் பிடி, விளக்கு போன்றவற்றைப் பாவித்ததாக வாங்கலாம். ஆனால் டைமிங் பெல்ட், ஒயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், தேர்மோஸ்டாட், பிரேக் ரப்பர் ஆகியவற்றில் மலிவு பார்ப்பது, நூறு ரூபாவை மிச்சம் பிடிக்க ஆயிரம் ரூபாவை அடகு வைப்பதாகும்.

கெப்புக்கும் ஒரு கொப்பி

கடைக்குக் கணக்குப் புத்தகம் இருப்பதுபோல் கெப்புக்கும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, மீற்றர், செய்த வேலை, மாற்றிய பாகம், கொடுத்த பணம், அடித்த டீசல் லீற்றர் ஆகியவற்றை எழுதினால் போதும். மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரியும், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது, எங்கே பணம் ஒழுகுகிறது என்பது. ஒவ்வொரு பயணத்தின் வருமானத்திலிருந்தும் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது இலாபம் அல்ல. அடுத்த பெல்ட்டுக்கும் அடுத்த டயருக்கும் உரிய பணம். அந்தப் பணத்தைக் கடைக்குச் சாமான் எடுக்கப் பாவித்துவிட்டு, பெல்ட் அறுந்த நாளில் கடன் கேட்டு அலைவதில்தான் பலர் சிக்குகிறார்கள். வண்டியை விற்கும் நாள் வந்தால் இந்தக் கொப்பியே உங்கள் விலையை உயர்த்தும் சாட்சி.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்காத நேரத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். டிரைவர் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பிள்ளைகளும் நின்று பார்க்கட்டும். யார் ஒயில் பார்ப்பது, யார் கொப்பி எழுதுவது என்பதை அன்றே பேசி முடிவு செய்யுங்கள். "அவருக்குத்தான் தெரியும்" என்ற பதில் இரண்டு பக்கமும் நின்றுபோனால், அந்தப் பழைய கெப் இன்னும் பல வருடம் உங்கள் கடைக்குச் சாமான் கொண்டுவரும்.